முனிக்குப் போன சர்க்கார் வாத்துகள்

அந்த மலாய் அதிகாரி வாத்தைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அதன் தலையை ஆள்காட்டி விரலால் ஒரு தடவு தடவினார். விரலைப் பார்த்தார். சிவப்பு. மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார். தேங்காயெண்ணெயில் குழைத்த குங்குமத்தின் வாசம் அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

“நான் கொடுத்தது மஞ்சள் தலை வாத்து. இது யார் வேலை?” என்று மலாயில் கேட்டார்.

காலையில் பேர் கூப்பிட்டு ஆளெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டமே நின்றிருந்தது. தூக்கத்தில்கூடப் பேசுகிற கங்காணியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வாத்துகளுக்குப் பொறுப்பான என் வீட்டுக்காரர் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததோ கூலி வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் தெரிந்த என் பரங்கிக்கொடியை. அது நிற்பதும் நெருப்பில் போவதும் அந்த அதிகாரி அடுத்துச் சொல்லப்போகும் வார்த்தையில் இருந்தது.

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “அம்மா, நீங்கள் எழுதுவதில் மலேரியா வருகிறது, மழை வருகிறது, அட்டை வருகிறது. அந்தக் காலத்துத் தோட்டத்தில் சிரிப்பே கிடையாதா?” ஏன் இல்லை ஐயா? வாத்தே வந்ததே! கேளுங்கள்.

கப்பலேறி வந்த நத்தை

எங்கள் ரப்பர் தோட்டம் ஜொகூரில், பாலோ ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் போகிற தூரம். எனக்குக் கலியாணமாகி அங்கே வந்த சில வருஷங்களில்தான் அந்த நத்தை வந்தது. அதுவரை நாங்கள் பார்த்த நத்தையெல்லாம் புளியங்கொட்டை அளவு. இது கைக்கு அடங்காது. ஆப்பிரிக்கா நத்தை என்று பிற்பாடு பெயர் சொன்னார்கள். நாங்கள் கப்பல் நத்தை என்றோம். யாரோ மருந்துக்கென்று சிங்கப்பூரில் இறக்கியதாகவும், அங்கிருந்து ஜொகூருக்கு ஊர்ந்தே வந்துவிட்டதாகவும் பேச்சு. ஊர்ந்து வந்ததோ, காய்கறிக் கூடையில் ஏறி வந்ததோ, வந்துவிட்டது.

மழை பெய்த மறுநாள் காலை லயத்துச் சுவரெல்லாம் நத்தை. தண்ணீர்ப் பானையில் நத்தை. செருப்பில் நத்தை. கீரையைத் தின்றது, கத்தரியைத் தின்றது, சுவரில் அடித்த சுண்ணாம்பைக்கூட நக்கித் தீர்த்தது. நாற்றங்காலில் இருந்த ரப்பர்க் கன்றுகளின் தளிரில் கை வைத்தபோதுதான் துரைக்குச் சுருக்கென்றது. எங்கள் கீரையை அது தின்றபோது அவருக்குத் தெரியவில்லை.

சுண்ணாம்பைக் கோடாகப் போடச் சொன்னார்கள். மழை கரைத்துக்கொண்டு போனது. குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார்கள். புதைத்ததில் பாதி மறுபடி ஏறி வந்தது. அப்புறம்தான் பயிர் இலாகாவிலிருந்து அந்த அதிகாரி வந்து, “வாத்து தருகிறோம், அது தின்றுவிடும்” என்றார்.

என் மாமனார் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் முதலில் கிள்ளான் பக்கம் இருந்தவர். காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்ன வெள்ளைக்காரர்கள் சிலோனிலிருந்து காக்கையைக் கப்பலில் கொண்டுவந்தார்களாம். புழு போனதோ இல்லையோ, காக்கை குட்டிபோட்டுப் பெருகி, பிறகு காக்கையைச் சுட ஆள் வைத்தார்களாம். “நத்தைக்கு வாத்து. வாத்துக்கு எதைக் கொண்டாருவாங்களோ, முதலையா?” என்றார். காக்கை எங்கே மாமா குட்டி போடும் என்று நான் கேட்டேன். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

மஞ்சள் தலை

வாத்துகள் மூங்கில் கூடைகளில் ரயிலில் வந்தன. ஸ்டேஷனில் இறக்கி, மாட்டுவண்டியில் ஏற்றி, தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை.

கூடையைத் திறந்தால் ஒவ்வொரு வாத்தின் தலையிலும் பளிச்சென்று மஞ்சள் சாயம். சர்க்கார் சொத்து, வேறு வாத்தோடு கலந்துவிடக் கூடாது என்பதற்கு அடையாளம். அதை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியார் சொன்னாரோ, சொன்னது எங்கள் காதில் விழவில்லையோ தெரியாது. காதில் விழுந்தது இதுதான்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த வாத்தை யாரும் அடிக்கக் கூடாது. வெரட்டக் கூடாது. அறுக்கவே கூடாது. கட்டிப் போடக் கூடாது. அது இஷ்டத்துக்கு எந்த வீட்டுப் பக்கம் வேணும்னாலும் போகும், மேயும். தலையில இருக்கற நெறத்துல கை வெச்சா குத்தம்.”

கிராணியார் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்களுக்கு வேறு விளக்கம் எதற்கு? வந்த நாள் ஆத்தாளுக்கு உகந்த வெள்ளிக்கிழமை. தலையில் மஞ்சள். அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, எந்த வீட்டிலும் மேயலாம். சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்கும் சேவலுக்கும் என்ன சட்டமோ அதேதான். போதாக்குறைக்கு, கூடையிலிருந்து முதலில் இறங்கிய வாத்து நேராக நடந்துபோய் மாரியம்மன் கோயில் வாசலில் தேங்கியிருந்த தண்ணீரில் உட்கார்ந்தது.

கங்காணியம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். பெரிய கங்காணியின் சம்சாரம் அவள். தோட்டத்தில் துரை சொன்னால் பாதி நடக்கும், அவள் சொன்னால் முழுசும் நடக்கும்.

“ஆத்தா! தாயே! நத்தைய ஒழிக்க முடியாம சர்க்காரே ஆத்தாளுக்கு நேர்ந்து விட்டிருக்குடி! கழுத்துக்கு வந்தா யாரா இருந்தாலும் எங்காத்தாகிட்டதான வரணும்!”

பெண்கள் குலவை போட்டோம். நானும்தான் போட்டேன். யோசித்துப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

சோறு தின்ற வாத்து

நேர்ந்துவிட்ட உயிர் வாசலுக்கு வந்தால் வெறும் வயிற்றோடு அனுப்பலாமா? ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம் அது. பாதி நாள் வேலை இல்லை. பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீடுகளில் கஞ்சிதான். ஆனாலும் வாத்துக்குச் சோறு. கங்காணியம்மா வீட்டில் தேங்காய்ப்பூ தூவிய சோறு!

வாத்துகளும் லேசுப்பட்டவை அல்ல. எந்த வீட்டில் எப்போது உலை இறங்கும் என்று சீக்கிரமே படித்துக்கொண்டன. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போய்த் திரும்பினால் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் தாமதித்தால் காது கிழியக் கத்தும். ஒரு நாள் நான் கண்ணாரப் பார்த்தேன். ஒரு நத்தை ஊர்ந்து வந்தது. எதிரே நின்ற வாத்து காலைத் தூக்கி அதற்கு வழிவிட்டது.

என் வீட்டுக்காரர் மாணிக்கம் தலையில் அடித்துக்கொண்டார். வாத்துகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் துரை அவருக்குக் கொடுத்திருந்தார். காலையில் ஒரு நீளக் கோலோடு அவற்றைக் கொல்லைப் பக்கம் ஓட்டுவார். அவை அவரைச் சுற்றிக்கொண்டு லயத்துக்கே திரும்பும்.

“யம்மா, சோறு போடாதீங்கம்மா, பசிச்சாத்தான் நத்தையத் தின்னும்” என்று கங்காணியம்மாவிடம் போய்க் கெஞ்சினார்.

“ஆத்தா வாத்தைப் பட்டினி போடச் சொல்றியா? ஒனக்கு அம்மை போட்டா நான் வேப்பிலை கொண்டாருவேன்னு நெனைக்காத!” என்று அவள் கிழித்துவிட்டாள்.

என் கொல்லை

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலைப் பெரட்டில் கிராணியார் வந்து இடியைப் போட்டார். அதிகாரி மறுபடி வரப்போகிறார். அவர் வரும்போது நத்தை இப்படியே இருந்தால், லயத்துக்குப் பின்னால் இருக்கும் காய்கறிக் கொல்லைகளை எல்லாம் வெட்டிக் கொளுத்திச் சுண்ணாம்பு போட்டுவிடுவார்கள். நத்தை கொல்லைகளில்தான் ஒளிந்துகொண்டு ரப்பர்க் கன்றுக்கு வருகிறதாம். இனிமேல் யாரும் காய்கறி போடவும் கூடாதாம்.

பெரட்டு கலைந்ததும் நேரே என் கொல்லைக்கு ஓடினேன்.

என் கொல்லை பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. கடைசி வீடு எங்களுடையது; அதனால் கொஞ்சம் அகலமாக மண் கிடைத்தது. லாலாங் புல்லை வேரோடு பிடுங்க எத்தனை நாள் குனிந்தேன் என்று என் இடுப்புக்குத் தெரியும். மிளகாய், புளிச்சக்கீரை, வேலியில் காராமணி, ஓரத்தில் ஒரு பரங்கிக்கொடி. பிறந்ததிலிருந்து நான் வேலை செய்ததெல்லாம் அடுத்தவர் மரத்தில். குடியிருந்தது தோட்டத்து வீட்டில். ‘இது என்னுது’ என்று நான் சொல்லிக்கொள்ள இருந்தது அந்தத் துண்டு மண் ஒன்றுதான். அதைக் கொளுத்துவார்களாம். சம்பளம் அரைகுறையாக வந்த நாளில் எங்கள் வயிறு நிறைந்ததே அந்தக் கொல்லையால்.

அழுதேன். கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் மூளை நன்றாக வேலை செய்யும், இது என் வீட்டுக்காரரே ஒப்புக்கொண்ட விஷயம்.

அன்று விறகு பொறுக்கத் தோட்டத்து எல்லைக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய மரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். ஒரு கல், ஒரு சூலம், சிவப்புத் துணி. அவர் முன்னால் யாரோ வைத்த சுருட்டும், சாராய போத்தலும், கோழி இறகும் கிடந்தன. நான் சுள்ளியைக் கீழே போட்டேன். அட, இவர் கவிச்சிச் சாமி அல்லவா! இவருக்கு யார் வெறும் சோறு போடுகிறார்கள்?

பூக் கேட்டது

நேரே பூசாரியிடம் போனேன். பூசாரி என்றால் முழு நேரப் பூசாரி இல்லை. காலையில் பால்வெட்டு, சாயங்காலம் கோயில். அவர் கொல்லையில் கத்தரிச்செடி வெறும் குச்சியாக நின்றது. அதன் முன்னால் குந்தியிருந்தார்.

“மாமா, ஒரு சந்தேகம். முனி யாரு?”

“இதென்னடி கேள்வி? ஆத்தாளுக்குக் காவக்காரரு.”

“ஆத்தா மாட்டை, ஆட்டை எல்லாம் யாரு பாத்துக்கணும்?”

“காவக்காரருதான் பாத்துக்கணும்.”

“அப்ப வாத்தை?”

பூசாரி என்னைப் பார்த்தார். கத்தரிக் குச்சியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“அஞ்சல, நீ பொல்லாதவடி” என்றார். “ஆனா நானா சொல்ல முடியாது. பூப் போட்டுத்தான் கேக்கணும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டார். ஒரே மாதிரி இரண்டு வெற்றிலைப் பொட்டலம். ஒன்றில் மஞ்சள் பூ: வாத்து ஆத்தாளிடமே இருக்கட்டும். மற்றதில் செம்பருத்தி: முனியிடம் போகட்டும். குழந்தையை எடுக்கச் சொல்வதுதான் வழக்கம். கங்காணியம்மா விடவில்லை. “தப்புத்தண்டா நடந்துறக் கூடாது, நானே எடுக்கறேன்” என்று முன்னால் வந்து, கண்ணை மூடி, ஒன்றை எடுத்துப் பிரித்தாள். செம்பருத்தி.

மற்றப் பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பூசாரி அதை மடியில் செருகிக்கொண்டு மணியடிக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் வாத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, பூசாரி மஞ்சளுக்கு மேல் குங்குமத்தை அப்பினார். “தலை நெறத்துல கை வெச்சா குத்தம்னு சொன்னாங்களே, புள்ள” என்று என் வீட்டுக்காரர் என் காதில் முணுமுணுத்தார். “முனி உத்தரவுங்க. வேணும்னா முனியைப் பிடிச்சுக்கட்டும்” என்றேன்.

நத்தைக்கு அடிபிடி

மறுநாள் யாரோ ஒருத்தி பழக்கதோஷத்தில் வாத்துக்குச் சோற்றை வைத்தாள். கங்காணியம்மா பாய்ந்து வந்து தட்டைப் பிடுங்கினாள்.

“அடி பாதகத்தி! முனி வாத்துக்கு வெறுஞ்சோறா போடற? குடும்பத்தோட கண்ணு போயிரும்! கவிச்சி வைடி, கவிச்சி!”

லயத்தில் கவிச்சிக்கு எங்கே போவது? மனிதர்களுக்கே கருவாடு வாரத்துக்கு ஒரு தரம். ஆனால் கவிச்சிதான் சுவரெல்லாம் ஊர்கிறதே! கங்காணியம்மாவே முதலில் மண்ணெண்ணெய்த் தகரம் நிறைய நத்தை பொறுக்கி வந்தாள். அம்மிக் குழவியால் தட்டி ஓட்டை நொறுக்கி, வாத்து முன்னால் வைத்துக் கும்பிட்டாள். வாத்து முகர்ந்தது. ஒரு வாய் எடுத்தது. அப்புறம் தகரத்துக்குள் விட்ட தலையை வெளியே எடுக்கவே இல்லை.

அவ்வளவுதான். கங்காணியம்மா வைத்தால் மற்றவர் வைக்காமல் இருப்பார்களா? விடிகிற நேரம் பனி ஈரத்தில் நத்தை வெளியே திரியும். பால்வெட்டுக்குக் கிளம்புமுன் பெண்களெல்லாம் தகரத்தோடு கொல்லைக்குள். யார் வீட்டு நத்தை பெரிது, யார் வீட்டு வாத்துப் படையல் அதிகம் என்று போட்டி. வாத்துகள் பாட்டுக்கு முன்போலவே வாசலில் உட்கார்ந்திருந்தன. சோறு வந்த இடத்தில் நத்தை வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். நாங்கள்தான் காடெல்லாம் ஓடினோம்.

கொஞ்ச நாளில் நத்தைக்குப் பஞ்சம் வந்துவிட்டது! “என் கொல்லை நத்தைய யாருடி எடுத்தது?” என்று கங்காணியம்மா நடுலயத்தில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். பக்கத்து வீட்டுக்காரி, “நத்தையில என்ன ஒன் பேரா எழுதியிருக்கு?” என்றாள். இரண்டு பேரும் மயிரைப் பிடித்துக்கொண்டார்கள். சில மாசத்துக்கு முன்னால் நத்தையைக் கண்டால் அலறிய பெண்பிள்ளைகள்! நான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

என் பரங்கிக்கொடியில் தளிர் நின்றது. பூ வந்தது. பிஞ்சும் வந்தது. நான் தினமும் போய் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

மறுபடியும் அந்தச் சிவப்பு விரல்

இப்போது பெரட்டுக் களத்துக்கு வருவோம். அதிகாரி சிவப்பு விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். துரை முகம் வேறு சிவந்துகொண்டு வருகிறது.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இவர் வாய் திறக்கிற ஜாதி இல்லை. எனக்குத் தெரிந்த மலாயோ, கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக் கடையில் உப்புப் புளி வாங்குகிற மலாய். பரவாயில்லை என்று முன்னால் வந்துவிட்டேன்.

“துவான்! கூனிங் தா பாகுஸ். மேரா பாகுஸ்!” மஞ்சள் சரியில்லை ஐயா, சிவப்புத்தான் சரி. “மேரா, சிப்புட் மாக்கான்!” சிவப்பு, நத்தை தின்னும்.

அவர் புருவத்தைத் தூக்கினார். நேரே கொல்லைப் பக்கம் நடந்தார். நாங்கள் எல்லாரும் பின்னால். இலையைப் புரட்டினார், வேலியடியில் கட்டையைத் தள்ளிப் பார்த்தார், தேடித் தேடி என் காராமணி வேலியில் ஒரே ஒரு நத்தையைக் கண்டுபிடித்தார். பாழாய்ப்போனது, அன்றைக்கென்று பார்த்து அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

அதை எடுத்து வந்து, எல்லாவற்றிலும் கொழுத்த வாத்து ஒன்றின் முன்னால் வைத்தார். தின்கிறதா பார்க்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டார்.

வாத்து நத்தையைப் பார்த்தது. நத்தை வாத்தைப் பார்த்தது. வாத்து அசையவில்லை. அது எப்படி அசையும்? முழு நத்தையை அதற்கு யார் பழக்கினார்கள்? நொறுக்கிக் கொடுத்தல்லவா பழக்கம்! போச்சு, பரங்கி போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வாத்து மெல்லத் தலையைத் திருப்பிக் கங்காணியம்மாவைப் பார்த்தது.

அவளால் தாங்க முடியவில்லை.

“பச்சப்புள்ள மாதிரி பாக்குதே! கும்பிட்ட கையால கொடுக்காம இப்படித் தூக்கிப் போட்டா அது எப்படித் தின்னும்?” என்று அதிகாரியை விலக்கிக்கொண்டு வந்து, ஒரு கல்லால் நத்தையைத் தட்டி, ஓட்டைப் பொறுக்கி எடுத்து, உள்ளங்கையில் ஏந்தி நீட்டினாள். வாத்து கண் மூடித் திறக்கும் முன் விழுங்கிவிட்டு, ‘அடுத்தது எங்கே’ என்று அவள் முந்தானையை இழுத்தது. அவளும் தகரத்தைக் கொண்டுவரப் போனாள்.

“அலாமாக்!” என்றார் அதிகாரி. நம் ‘அடேயப்பா’தான்.

பிறகு சிரித்தார் பாருங்கள்! தொப்பியைக் கழற்றிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தகரங்களைப் பார்த்தார், வாசலில் உட்கார்ந்திருந்த மற்ற வாத்துகளைப் பார்த்தார், சுத்தமாக இருந்த கொல்லைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். துரையிடம் மெதுவாக ஏதோ சொன்னார். கிராணியார் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: “கொல்லைங்க இருக்கட்டும்ங்கறாரு. அடுத்த தோட்டத்துக்கு வாத்துக்குப் பதிலா இந்தக் கங்காணியம்மாவ அனுப்பி வைக்க முடியுமான்னு கேக்கறாரு.”

எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்தது. கொல்லைக்கு ஓடி, அப்போதுதான் முற்றியிருந்த முதல் பரங்கியைப் பறித்து வந்து அவர் கையில் வைத்தேன். பிள்ளைக்கு வைத்திருந்ததைக் கொடுத்தது மாதிரி இருந்தது. ஆனாலும் கொடுத்தேன். அவர் ‘தெரிமா காசே’ என்று நன்றி சொல்லி, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். வாத்தை இடுக்கிய அதே கக்கம்.

கதை இதோடு முடிந்ததென்றுதான் நாங்கள் நினைத்தோம். அந்த மழைக்காலம் கழிந்து, காஹாங் தோட்டத்திலிருந்து கங்காணியம்மாவின் தங்கை எங்கள் லயத்துக்கு விருந்துக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, “அக்கா, எங்க தோட்டத்துக்கும் சர்க்கார் வாத்து அனுப்பியிருக்கு. லாரியில வந்துச்சு” என்றாள்.

“தலையில என்னடி நெறம்?” என்று கங்காணியம்மா கேட்டாள்.

“செவப்பு, நல்ல ரத்தச் செவப்பு. ஆபீசுலயே அடிச்சு அனுப்பியிருக்காங்க. இனிமே எல்லாத் தோட்டத்துக்கும் செவப்புத்தானாம், புது உத்தரவாம். செவப்புன்னா முனி வாத்து, கவிச்சிதான் வைக்கணும்னு நீதான் முன்னமே சொல்லியிருந்தியே, பாத்ததும் நாங்க தகரத்த எடுத்துக்கிட்டு நத்தை பொறுக்கக் கெளம்பிட்டோம்.”

கங்காணியம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

“நான் அன்னிக்கே சொன்னேனாடி, இல்லியா? சர்க்காருதான் நேர்ந்து விட்டிருக்குன்னு!”

சொன்னாள். சாமியைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டாள்.